இன்ஜெக்டர் மேல் ஏன் இந்தப் பழி?

டீசல் கார் வைத்திருப்பவர் "மைலேஜ் விழுந்துடுச்சு" என்று வாயைத் திறந்தால் போதும், பதில் தயாராக இருக்கிறது: "இன்ஜெக்டர் அடைச்சிருக்கும் சார், கழட்டி க்ளீன் பண்ணிடலாம்." மெக்கானிக் இதைத்தான் சொல்கிறார். பங்க்கில் பக்கத்தில் நிற்கும் டாக்சி டிரைவரும், பல வருடமாக டீசல் வண்டி ஓட்டும் மாமாவும் இதைத்தான் சொல்கிறார்கள். இத்தனை பேர் ஒருமித்துச் சொல்வதாலேயே இது சரியாகிவிடாது. கெட்டுப்போன இன்ஜெக்டர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மைலேஜ் குறைந்த வண்டியில் முதல் கை அங்கே போவதும், ஒரு சோதனைகூட இல்லாமல் ஸ்பேனரை எடுப்பதும் தவறான வைத்தியம்.

எதிர்த்தரப்பு வாதத்தை அதற்குரிய வலுவோடே சொல்லிவிடலாம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தில் கொதிக்கும் காற்றுக்குள் டீசல் பனிபோல் தெளிக்கப்பட்டுத் தானாகப் பற்றிக்கொள்கிறது. தெளிப்பு சரியில்லை என்றால் எரிதல் சரியில்லை; எரிதல் சரியில்லை என்றால் அதே வேலைக்கு அதிக டீசல். தெளிப்பது இன்ஜெக்டர், ஆகவே அதுதான் குற்றவாளி. இந்த வாதத்துக்குப் பின்னால் நீண்ட அனுபவமும் இருக்கிறது. அம்பாசடர் டீசல், மஹிந்திரா ஜீப், டாடா லாரி என்று மைக்கோ பம்ப் போட்டு ஓடிய காலத்தில் பம்ப் எலிமெண்ட் தேயும், நாசில் சொட்டும், டைமிங் நகரும். அப்போது வண்டியை நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஒரு பம்ப் ரூமில் விட்டு, பம்ப்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி, நாசிலை மாற்றினால் புகையும் அடங்கும், மைலேஜும் ஏறும். அது வெறும் நம்பிக்கை அல்ல, நல்ல மெக்கானிக்குகள் கண்ணால் கண்டது.

அந்த வண்டிகள் போய்விட்டன. வைத்தியம் மட்டும் அப்படியே நிற்கிறது. 2007-இல் மாருதி ஸ்விஃப்டில் வந்து, பிறகு டிசையர் முதல் பல கார்களில் ஏறி, 2020 வரை மாருதியில் ஓடிய அந்த 1248 சிசி ஃபியட் இன்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். அது காமன் ரெயில்: எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே உயர் அழுத்தக் குழாய். பழைய நாசில் திறக்க இருநூறு பார் அழுத்தமே தாராளம். இங்கே ரெயிலில் ஐட்லிங்கிலேயே அதற்கு மேல் நிற்கும், முழு லோடில் 1600 பாரைத் தொடும். எப்போது, எவ்வளவு, எத்தனை தவணையாகத் தெளிப்பது என்பதை இன்ஜினின் கணினியான ஈசியு முடிவு செய்கிறது. ஒரு சிலிண்டர் சற்றுத் தளர்ந்தால் அதற்கு மட்டும் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுவதும் அதுவே. இதன்மேல் பம்ப் ரூம் காலத்துத் தீர்ப்பை ஏற்றிவைப்பதைத்தான் மறுக்கிறேன்.

1. முதல் கேள்வி: மைலேஜ் குறைந்தது என்று யார் சொன்னது?

பெரும்பாலும் ஒரே ஒரு டேங்க்தான் சாட்சி. 400 கிலோமீட்டர் ஓடி 20 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 20. டீசல் நுரைக்கும், நுரை நாசிலைத் தொட்டதும் ஆட்டோ கட் விழுந்துவிடும். போன முறை அப்படிச் சீக்கிரம் விழுந்து டேங்க் முழுதாக நிரம்பாமல், இந்த முறை பங்க் பையன் நுரை அடங்கும்வரை நின்று சொட்டுச் சொட்டாகப் பிடித்துவிட்டால் 22 லிட்டர் போகும். கணக்குப் போட்டால் 18.2. வண்டி ஒரு சொட்டுக்கூட அதிகம் குடிக்கவில்லை. இரண்டு கிலோமீட்டரைத் தின்றது அந்த நுரை. ஒரே பங்க்கில், ஒரே பம்ப்பில், முதல் ஆட்டோ கட்டோடு நிறுத்தி, மூன்று நான்கு டேங்கைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்காத எவருக்கும் மைலேஜ் பற்றிப் புகார் சொல்ல உரிமை இல்லை என்பேன். டேஷ்போர்டில் தெரியும் எண் ஈசியு போடும் மதிப்பீடு. அது வண்டிக்கு வண்டி பிசகும்.

எதோடு ஒப்பிட்டுக் குறைந்தது என்பது அடுத்த சிக்கல். 2017 டிசையர் டீசலுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் 28.4. அந்த எண் பிறந்தது ரோலர் மேல் நிறுத்திய வண்டியில், ஏசி போடாமல், 90 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாத ஒரு சோதனை ஓட்டத்தில். பழைய மகாபலிபுரம் சாலையில் காலை ஒன்பது மணிக்கு ஏசியோடு ஊரும் வண்டி அதைத் தர வேண்டும் என்று எதிர்பார்த்துவிட்டு, தராததற்கு இன்ஜெக்டரைக் கழற்றுவது என்ன நியாயம்? நிற்கும்போதும் சின்ன டீசல் இன்ஜின் மணிக்கு அரை லிட்டரை ஒட்டிக் குடிக்கிறது. கிலோமீட்டரோ பூஜ்யம்.

டயர் மாற்றியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டும் என்று 195/65 ஆர்15 போட்டால் சுற்றளவு இரண்டு சதவீதம் கூடுகிறது. ஓடோமீட்டருக்கு அது தெரியாது. நூறு கிலோமீட்டர் போனால் 98 என்றே எழுதிக்கொள்ளும். பழி மறுபடி இன்ஜெக்டருக்கு. (போகிற போக்கில் ஒன்று: "எத்தனால் கலந்துட்டாங்க, அதான்" என்று டீசல் கார்க்காரர்களும் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பங்க்கில் எத்தனால் கலந்து விற்பது பெட்ரோலில்.)

2. வீணாகும் டீசல் எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்கு இன்ஜெக்டர் கட்சியிடம் பதில் இல்லை. மைலேஜ் 20-லிருந்து 16 ஆனது என்றால் அதே தூரத்துக்குக் கால் பங்கு டீசல் கூடுதலாகப் போகிறது. தெளிப்பு கெட்டு அது எரியாமலோ அரைகுறையாக எரிந்தோ போகிறது என்பது வாதம். அப்படியானால் அது வெளியே வந்தாக வேண்டும். கருப்பாகவோ வெள்ளையாகவோ சைலன்சர் வழியே புகையாக வரும். சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். அல்லது தட்டும் சத்தமாகவும் ஐட்லிங் நடுக்கமாகவும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிப்பதாகவும் தெரியும். அந்தக் கூடுதல் டீசல் எரியாமல் போகும் வண்டி செங்கல் சூளை போலப் புகையும்; பின்னால் வருபவன் ஹாரன் அடித்தே சொல்லிவிடுவான். புகை இல்லை, சத்தம் இல்லை, ஐட்லிங் சீராக இருக்கிறது, மைலேஜ் மட்டும் இல்லை என்றால், உள்ளே போன டீசல் ஒழுங்காகத்தான் எரிந்திருக்கிறது. எரிந்த சக்தி வேறு எதற்கோ செலவாகியிருக்கிறது.

இன்ஜெக்டர் "லீக்" என்று பயமுறுத்துவதிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. தேய்ந்த இன்ஜெக்டரில் கூடுதலாகக் கசியும் டீசலில் பெரும்பகுதி ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பிவிடுகிறது. அதனால் ரெயிலில் அழுத்தம் ஏறாமல் ஸ்டார்ட்டிங் தகராறு வரும், வண்டி இழுக்காது. ஆனால் திரும்பி வந்த டீசல் செலவான டீசல் ஆகாது.

புகை வந்தாலும் தீர்ப்பு உடனே இன்ஜெக்டருக்கு எதிராகப் போய்விடாது. கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய டீசல் என்று பொருள். டீசல் கூடினாலும் வரும், காற்று குறைந்தாலும் வரும். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிளிப் அருகே கிழிந்திருந்தால், அந்த இடத்தில் ஆயில் கசிந்து தூசி கறுப்பாகப் படிந்திருக்கும். மேட்டில் மிதிக்கும்போது உஸ்ஸென்று காற்றுச் சத்தம் கேட்கும். புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கே அனுப்பும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றாலும் இதே புகைதான். ஹோஸைக் கையால் தடவிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

3. சுமையைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

ஒரு கணக்கு. சுமார் 1100 கிலோ எடையுள்ள காரைச் சமதளத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்ட எவ்வளவு தள்ளுவிசை வேண்டும்? டயர் உருளும் எதிர்ப்பு எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம், அதாவது 11 கிலோ. காற்றின் எதிர்ப்பு இன்னும் 19, 20 கிலோ. மொத்தம் 30 கிலோ அளவுக்கான விசை, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக் ஒரே ஒரு கிலோ அளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் நான்கு கிலோ. ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது, வண்டி ஒரு பக்கமாக இழுக்கவும் இழுக்காது. ஆனால் தேவையான விசை 13 சதவீதம் ஏறிவிட்டது, அதில் பெரும்பகுதி டீசல் பில்லில் வந்து நிற்கும். இன்ஜினுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இது கற்பனைக் கோளாறும் அல்ல. காலிப்பர் ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்துபோவதும், ஹேண்ட்பிரேக் கேபிள் துருவேறித் திரும்பாமல் நிற்பதும் மழையும் உப்புக் காற்றும் உள்ள ஊர்களில் அன்றாடம் நடப்பவை. கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு ரிம் பக்கத்திலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதுதான். நான்குமே பிடித்தால் ஒப்பிட ஆள் இருக்காது, அதனால் ஒவ்வொரு சக்கரமாக ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றிவிட்டும் பாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் இல்லாத பின்சக்கரம் நாலைந்து சுற்றாவது தானாக ஓட வேண்டும். அரைச் சுற்றில் நின்றால் டீசல் போகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், கொஞ்சம் மிகையாகவே சொல்கிறார்கள். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி நான்கு டயரிலும் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜில் போவது 0.2 சதவீதம். பத்து பிஎஸ்ஐ குறைந்தாலும் இரண்டு சதவீதம்தான். காற்றைச் சரிபார்ப்பது நல்லது, ஆனால் 20-ஐ 16 ஆக்கியது அது மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வேகத்தின் கணக்கு வேறு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. 80-இல் போனவர் 110-இல் போனால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய 1.9 மடங்கு. சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு லேனில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோன நாளில் 22 கொடுத்த வண்டி, நான்கு வழிச்சாலையில் 17 கொடுத்தால் கெட்டுப்போனது வண்டி அல்ல. மேலே கேரியர் வேறு மாட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

4. "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்?"

தமிழ்நாட்டு ஒர்க்ஷாப்புகளில் அதிக டீசலைத் தின்ற வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அம்பாசடர் மேட்டில் கொதித்த காலத்தில், இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் இந்தத் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசுவது வைத்தியம். அந்தப் பழக்கத்தில் இன்றைய காரிலும் கழற்றுகிறார்கள். கழற்றாவிட்டாலும் வயதான தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்வது உண்டு. விளைவு ஒன்றுதான். கூலன்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றுகிறது, 80, 90 டிகிரியில் நிற்க வேண்டிய இன்ஜின் நெடுஞ்சாலையில் அறுபதுகளிலேயே ஓடுகிறது. ஆயில் கெட்டியாகவே இருப்பதால் உராய்வு அதிகம். எரிவதில் பிறக்கும் சூட்டில் வழக்கத்தைவிடக் கூடுதல் பங்கு சிலிண்டர் சுவருக்குப் போய்விடுகிறது. ஈசியு பாவம், வண்டி இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் குளிர்கால ஏற்பாட்டிலேயே டீசலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

புகை இல்லை, சத்தம் இல்லை, இழுவையிலும் குறை தெரியாது. மைலேஜ் மட்டும் இறங்கும். அச்சு அசல் "இன்ஜெக்டர் அடைப்பு" என்று தீர்ப்பு எழுதப்படும் வண்டி இது. வெப்பமுள் இல்லாத புது கார்களில் ஓட்டுபவருக்குத் தெரியவும் வழியில்லை. சிலவற்றில் நீல விளக்கு அணைந்தால் சரி, அவ்வளவுதான். ஓபிடி போர்ட்டில் மாட்டும் மலிவான ப்ளூடூத் கருவி ஒன்று போனில் கூலன்ட் வெப்பத்தைக் காட்டிவிடும். அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும் 80-ஐத் தொடவில்லை என்றால், அல்லது பி0128 என்ற பிழைக் குறியீடு ஈசியு நினைவில் கிடந்தால், மாற்ற வேண்டியது தெர்மோஸ்டாட். அதன் விலை இன்ஜெக்டர் சர்வீஸ் கூலியில் ஒரு சிறு பகுதி. வால்வை எடுத்துவிட்டால் ஹீட் ஆகாது என்பதும் எல்லா இன்ஜினுக்கும் பொருந்தாது. பைபாஸ் வழியை அந்த வால்வே அடைக்கும் அமைப்பில், அதை எடுத்துவிட்டால் கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வந்துவிடும், நல்ல வெயிலில் மேலும் சூடாகும்.

5. பிஎஸ்6 வண்டியில் கதை வேறு.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த டீசல் கார்களில், புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. சேரும் கரியை அது அவ்வப்போது 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி எரிக்க வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் வேண்டுமென்றே கூடுதல் டீசலைத் தெளிக்கிறது. வீட்டிலிருந்து ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், நெரிசலில் முக்கால் மணி நேரம் என்று ஓடும் வண்டியில் இந்த எரிப்பு தொடங்கும், முடிவதற்குள் சாவி திரும்பும். நாளை மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் டீசல் போகிறது, தூரம் போகவில்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். சர்வீஸில் ஊற்றிய அளவைவிட ஆயில் மட்டம் உயர்ந்து, விரலில் தேய்த்தால் தண்ணியாக, டீசல் வாடை அடித்து, புகையும் தட்டலும் இல்லையென்றால் வேறு சாட்சி தேவையில்லை. இங்கே இன்ஜெக்டர் தனக்கு இட்ட வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். அதைக் கழற்றிக் கழுவினால் நாளைக்கும் அதே ஆறு கிலோமீட்டர்தான். பைபாஸ் பக்கம் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் உங்களுக்கு டீசல் கார் ஏற்றதல்ல என்று யாராவது முன்பே சொல்லியிருக்க வேண்டும். விற்பவர் சொல்லமாட்டார்.

6. "கழட்டிப் பார்க்கிறதுல என்ன நஷ்டம்?"

நிறைய. இன்ஜெக்டரின் உள் இடைவெளிகள் மைக்ரான் கணக்கு. தெருவோர ஷெட்டில் ரெயில் பைப்பைத் திறந்து, வாயைப் பழைய பனியன் துணியால் மூடிவைத்தால் உள்ளே போகும் தூசு, அதுவரை இல்லாத கோளாறை உண்டாக்கிவிடும். அடியில் உள்ள செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். பழையதையே போட்டு இறுக்கினால் எரிந்த வாயு கசிந்து இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போல இறுகும், அடுத்த முறை கழற்ற உளி வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பெரும்பாலான காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் பொறித்திருக்கும் குறியீடு. தயாரிப்பில் வந்த சின்னச் சின்ன வித்தியாசத்தை ஈசியுவுக்குச் சொல்வது அதுதான். மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டரை ஒன்றில் மாட்டிவிட்டு, ஈசியுவில் அந்தக் குறியீட்டை மாற்றி எழுதாமல் அனுப்பினால், ஈசியு தவறான ஆளுக்குத் தவறான அளவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். போகும்போது சீராக இருந்த ஐட்லிங் வரும்போது நடுங்கும். "க்ளீன் பண்ணதும் முதல்ல அப்படித்தான் இருக்கும் சார், செட் ஆயிடும்" என்பார்கள். ஆகாது.

7. "ஆனால் க்ளீன் செய்த பிறகு மைலேஜ் ஏறியதே!"

ஏறியிருக்கலாம். அதே சர்வீஸில் டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், ஆயில் மாற்றினார்கள், காற்று அடித்தார்கள், பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். பில்லில் பெரிய தொகை இன்ஜெக்டருக்கு என்பதால் பெருமையும் அதற்கே போனது. பத்தாயிரத்தை எண்ணிக் கொடுத்த மனிதர் அடுத்த டேங்கை எப்படி ஓட்டுவார்? மென்மையாக, மைலேஜைப் பார்த்துப் பார்த்துத்தான். இன்னொன்று: ஒருவர் புகாரோடு கிளம்புவது, இருப்பதிலேயே மோசமான டேங்க் வந்த பிறகு. அதற்கடுத்த டேங்க் எதுவும் செய்யாமலேயே கொஞ்சம் தேறும். டேங்கில் ஊற்றும் அடிட்டிவ் பாட்டில்களின் வியாபாரமும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. டீசலோடு மண்ணெண்ணெய் கலக்கும் பழைய கைப்பழக்கமோ இன்னும் மோசம். காமன் ரெயில் பம்ப்புக்கு டீசலேதான் எண்ணெய். வழவழப்பில்லாத மண்ணெண்ணெயில் அது தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும்.

இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டிய வண்டி எது என்பதற்கு மலிவான சோதனை இருக்கிறது. நான்கு ரிட்டர்ன் முனையிலும் குழாய் மாட்டி நான்கு ஒரே அளவு பாட்டிலில் விட்டு, ஐட்லிங்கில் சில நிமிடம் ஓடவிட வேண்டும். மூன்றில் விரல்கடை டீசல் இருக்க ஒன்று மட்டும் கழுத்துவரை ஏறினால் அந்த ஒன்றின் மேல் சந்தேகப்படலாம். ரிட்டர்னில் சிக்காத நாசில் கோளாறுக்கு ஸ்கேனர் இருக்கிறது. அது ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசியு போடும் திருத்த அளவைக் காட்டும், அதிலும் ஒன்று மட்டும் விலகி நிற்கிறதா என்று பார்க்கலாம். இரண்டிலும் எதுவும் தெரியவில்லை, புகையும் தட்டலும் இல்லை என்றால் அங்கே கைவைக்க வேண்டாம். தெரிந்தால், தூசு புகாத அறையும் டெஸ்ட் பெஞ்சும் உள்ள இடத்தில் அந்த ஒன்றை மட்டும் கொடுங்கள். புது செம்பு வாஷர் போடச் சொல்லுங்கள், குறியீட்டை ஈசியுவில் ஏற்றச் சொல்லுங்கள், கழற்றுவதற்கு முன்னும் மாட்டிய பின்னும் ஸ்கேனர் காட்டிய திருத்த அளவுகளைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.